போத்தல் இல்லாத வியாதி

"பய வென்ன எபா" என்றார் டாக்டர்.

சிங்களத்தில் 'பயப்படாதீங்க' என்று அர்த்தம். அதுவரை நான் பயப்படவே இல்லை. பசியோடு உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அவர் அப்படிச் சொன்ன பிறகுதான் பயமே வந்தது.

மாத்தளை டவுன் ஆஸ்பத்திரி. கழுத்தின் இடப்பக்கம், காதுக்குக் கீழே, பலாக்கொட்டை அளவுக்கு ஒரு வீக்கம். அதை இரண்டு விரலால் பிடித்து உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கை சில்லென்று இருந்தது, சவர்க்கார வாசம் அடித்தது.

வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வலிக்காவிட்டால் நல்லதுதானே என்று நான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படி நினைக்கிறவர் மாதிரி தெரியவில்லை.

சாயங்காலமானால் காய்ச்சல் அடிக்குமா, உடம்பு வேர்க்குமா, மெலிந்துவிட்டீர்களா என்று அடுத்தடுத்துக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம்தான். "சாரம் இடுப்புல நிக்கமாட்டேங்குது மாத்தயா" என்று சிங்களத்தில் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

சுற்றி நின்ற இளம் டாக்டர்கள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஏதோ வேகமாகச் சொன்னார். அந்த வேகத்தில் ஒரே ஒரு சொல்தான் எனக்குப் பிடிபட்டது. பயொப்சி.

பிறகு என் பக்கம் திரும்பி, பயப்பட வேண்டாம் என்றார். பின்னால் துணிப்பையைக் கட்டிப்பிடித்தபடி நின்ற என் மனைவி பாக்கியத்தை நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தச் சொல் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்திருக்காது, தெரியவும் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் ஒரு டாக்டர்தான்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்கு என் தொழில் தெரியும். இடையில் ஏறியவர்களுக்காகச் சொல்கிறேன். பலாபத்வலப் பக்கம், மெயின் ரோட்டோரம் இருக்கிற ஒரு ஸ்பைஸ் கார்டனில் நான் வழிகாட்டி. வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு கொக்கோ மரம், மிளகுக் கொடி, வெனிலா, ஏலம் என்று ஒரு சுற்று வருவேன். இலையைக் கசக்கி மூக்கில் காட்டுவேன். கடைசியில் ஓலைக் கொட்டில் ஒன்றுக்குள் உட்காரவைத்து, இஞ்சித் தேத்தண்ணி கொடுத்து, போத்தல்களை எடுத்து வைப்பேன்.

ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு நம்பர். ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு வியாதி. ஆர்த்ரைடிஸா, இந்தா இந்த எண்ணெய். சைனசைடிஸா, இது. மைக்ரேன், எக்ஸிமா, கொலஸ்ட்ரோல், எல்லாவற்றுக்கும் என்னிடம் போத்தல் உண்டு. இந்தச் சொற்களை மூன்று பாஷையில் சொல்வேன். ஜெர்மன்காரர்கள் என் உச்சரிப்பைக் கேட்டுக் கைதட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஒன்று. வியாதி என்னவென்று எனக்குத் தெரியாது, போத்தல்தான் தெரியும். சைனசைடிஸ் என்றால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வருகிறவன். ஆர்த்ரைடிஸ் என்றால் படியேறும்போது முனகுகிறவள். அதற்கு மேலே ஒரு அங்குலம் என்னைத் தோண்டினால் வெறும் பாறைதான்.

எங்கள் சனத்துக்கு அது போதாதா? எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். என்றைக்கு நான் இங்கிலீஷ் வியாதிப் பேர்களைச் சொல்ல ஆரம்பித்தேனோ, அன்றிலிருந்து அங்கே எனக்கு 'டாக்டர்' என்று பேர். கிளினிக்குக்குப் போய்வருகிறவர்கள் நேராக என்னிடம் வருவார்கள். "டாக்டரு, கேஸ்ட்ரைடிஸ்னு சொல்லிட்டாங்க, தப்பிப்பேனா?" என்று கேட்பார்கள். வயிற்று எரிச்சல்தான், மிளகாயைக் குறை என்பேன். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அப்படிப்பட்ட டாக்டருக்குப் பயொப்சி என்ற சொல் எப்படித் தெரியும் என்றால், அதற்கும் ஒரு கதை இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு வயதான தம்பதி வந்தார்கள். கறுவா மரத்தில் பட்டையைச் சீவிக் காட்டிக்கொண்டே, வழக்கம்போல, "மேடத்துக்கு உடம்புக்கு ஏதாவது தொல்லை உண்டா?" என்று கேட்டேன். போத்தலுக்குப் போடுகிற தூண்டில் அது. அந்த அம்மாள் நெஞ்சில் கையை வைத்து இந்தச் சொல்லைச் சொன்னார். சொல்லிவிட்டு, கையிலிருந்த கறுவாப்பட்டையைப் பார்த்தபடி அழுதார். கணவர் அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு வேனுக்குக் கூட்டிப்போனார். தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை.

கொட்டிலில் இருந்த மூத்த வழிகாட்டியிடம், பயொப்சிக்கு எந்த நம்பர் என்று கேட்டேன். அவர் அலுமாரியை மேலும் கீழும் பார்த்தார். "அதுக்கு நம்மகிட்ட போத்தல் இல்லப்பா" என்றார்.

ஆக, பயொப்சி என்று ஒரு வியாதி இருக்கிறது, நாலு பேர் முன்னால் அழுது பழக்கமில்லாத வெள்ளைக்காரியையே அது அழவைக்கும், அதற்கு மருந்து கிடையாது என்று என் புத்தியில் பதிந்துபோனது. வேறெப்படிப் பதியும்? எனக்குத் தெரிந்த டாக்டர் சொல் எல்லாமே வியாதியின் பேர்தான்.

இப்போது அந்த வியாதி என் கழுத்தில் பலாக்கொட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது.

வசவு நின்ற வீடு

பாக்கியத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழுந்து பறித்த கை. இப்போது வீட்டு முற்றத்தில் பாய் விரித்து மிளகு காயப்போட்டுப் புடைக்கிறாள். அவள் திட்டாமல் எங்கள் வீட்டில் பொழுது விடிந்ததில்லை. செருப்பை வாசலில் குறுக்கே விட்டால் திட்டு, ஈரத் துண்டைக் கதிரையில் போட்டால் திட்டு. அதில் அவளுக்கு மிகவும் பிடித்த வசனம் ஒன்று உண்டு. "கட்டையில போற வயசாச்சு, இன்னும் புத்தி வரல!"

எனக்கு அறுபதே ஆகவில்லை. கல்யாணமான புதிதிலிருந்தே இதைத்தான் சொல்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று நான் வேண்டுமென்றே ஈரத் துண்டைக் கதிரையில் போட்டேன். அவள் வந்தாள். பார்த்தாள். எடுத்துக்கொண்டுபோய் கொடியில் காயப்போட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது அப்போதுதான்.

அடுத்த நாள் சோற்றில் நெத்தலிப் பொரியல் இருந்தது. அதற்கடுத்த நாள் முட்டை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க" என்றாள், தேன் ஒழுகும் குரலில். அந்தக் குரலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. செத்த வீட்டில் பாயில் உட்கார்ந்திருக்கும் பொம்பளைகள் ஒருத்திக்கொருத்தி பேசிக்கொள்கிற குரல் அது.

பின்னால் தெரியவந்ததை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல் அவள் காதிலும் விழுந்திருந்தது. விழுந்ததைப் பத்திரமாகக் கொண்டுபோய், ரத்தோட்டையில் போன் கடை வைத்திருக்கும் எங்கள் மருமகன் ரமேஷிடம் கேட்டிருக்கிறாள். அவன் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "அத்தை, இது கேன்சருக்குத்தான் செய்யிறாங்க. மாமாகிட்ட சொல்லிறாதீங்க, தாங்கமாட்டாரு" என்றிருக்கிறான். ஊர் வியாதிப் பேர்களையெல்லாம் படித்துச் சொன்ன டாக்டரிடம், அவனுடைய வியாதியை மட்டும் ஒளித்துவைத்தார்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. பெரிய நோய் என்றால் நோயாளியைத் தவிர ஊரே தெரிந்துவைத்திருக்கும்.

நான் அவளிடம் மறைத்தேன். அவள் என்னிடம் மறைத்தாள். ஒரே சொல்லை ஆளுக்கொரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு, எதிரெதிரே உட்கார்ந்து முட்டைக் குழம்பு சாப்பிட்டோம்.

அப்பிளோடு வந்த மச்சான்

ஞாயிற்றுக்கிழமை சிவநேசன் வந்தான். பாக்கியத்தின் தம்பி, எல்கடுவையில் இருக்கிறான். எங்கள் மகள் கல்யாணத்தில் பந்தியில் தன்னை இரண்டாவது வரிசையில் உட்காரவைத்துவிட்டோம் என்று கோபித்துக்கொண்டு, பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டவன். எதிரே கண்டால் பஸ் ஸ்டாண்டில் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

அவன் கையில் அப்பிள் பை. மால்ட் மா டின். வந்ததும் வராததுமாக, "மச்சான்!" என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அவன் உடம்பு குலுங்கியது.

அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி, சரி, நாம் போய்விடுவோம் என்று எனக்குள் முடிவுகட்டிக்கொண்டேன். சிவநேசன் மன்னிக்கிற அளவுக்கு வந்துவிட்டது என்றால் வேறென்ன?

பாக்கியம் அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து அவன் என் காதருகே குனிந்தான்.

"கத்தி வைக்க மட்டும் விட்றாதீங்க மச்சான். கத்தி பட்டா பரவிரும். நம்ம மேட்டு லயத்துல ஒரு ஆளுக்கு அப்பிடித்தான் ஆச்சு."

"என்னா பரவிரும்?" என்றேன்.

அவன் வாயை மூடிக்கொண்டு அப்பிளைப் பார்த்தான். "ஒண்ணுமில்ல. சும்மா சொன்னேன்" என்றான்.

அவன் போனபிறகு கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தடவிப் பார்த்தேன். கூடியிருக்கிற மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தடவினேன், குறைந்திருக்கிற மாதிரி இருந்தது. அப்புறம் அதுவே எனக்கு வேலையாகிப்போனது. மிளகுக் கொடியைக் காட்டும்போது ஒரு கை கழுத்தில், பஸ்ஸில் ஒரு கை கழுத்தில். இறங்குகிற இடத்தைத் தாண்டிப்போய் திரும்பி நடந்து வந்த நாளும் உண்டு.

ஆணியில் தொங்கிய டின் கோப்பை

நோய்க்குப் பேர் சொல்லாத இடத்திலிருந்து வந்தவன் நான். நான் சின்னப் பையனாக இருந்தபோது தோட்டத்து டிஸ்பென்சரியில் 'மருந்தையா' ஒருவர் இருப்பார். காய்ச்சல், வயிற்றால போகுது, மேல்வலி, இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னால்தான் அவரிடம் மருந்து. மற்றதெல்லாம் 'அந்த வருத்தம்'. அம்மை போட்டால் 'அம்மா வந்திருக்கா' என்று வேப்பிலை செருகுவார்கள். பேரைச் சொன்னால் வந்து ஒட்டிக்கொள்ளும் என்று பயம்.

என் சித்தப்பாவுக்கு இருந்ததும் 'அந்த வருத்தம்'தான். விடாமல் இருமுவார். நாங்கள் இருந்த லயத்துக் காம்பிராவின் வெளிச்சுவரில், கோழிக்கூட்டுக்கு மேலே, ஒரு ஆணி அடித்து அவருடைய டின் கோப்பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். அவருக்குத் தேத்தண்ணியை வேறொரு பாத்திரத்தில் கொண்டுவந்து, உயரத் தூக்கி, கோப்பையில் படாமல் அதில் ஊற்றுவார்கள். காற்றடிக்கும்போது அந்தக் கோப்பை சுவரில் மோதி டிக், டிக் என்று கேட்கும்.

ஒரு நாள் அவரை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. கோப்பை மட்டும் வெகுகாலம் அங்கேயே தொங்கியது. அதை யாரும் தொடவில்லை. அவருடைய முகம் எனக்கு மறந்துவிட்டது. அந்தச் சத்தம் மறக்கவில்லை.

"எவ்வளவு காலமா இருக்கு?"

வெட்டி எடுக்கிற நாள் வந்தது. போவதா வேண்டாமா என்று கடைசிவரை எனக்குள் இழுபறி. சிவநேசன் சொன்னது காதிலேயே நின்றது. ஆனால் பாக்கியம் விடியுமுன்பே எழும்பி, என் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள். அந்த மடிப்பைப் பார்த்ததும் போகாமல் இருக்க மனம் வரவில்லை.

அவளை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, நர்ஸ் மிஸ்ஸி என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஸ்பிரிட் வாசம். தலைக்கு மேலே பெரிய விளக்கு. முக்காடு போட்ட ஒரு இளம் டாக்டர் பிள்ளை கையுறை மாட்டிக்கொண்டிருந்தார். என் பேரைப் பார்த்துவிட்டுத் தமிழில் பேசினார். அக்கம்பக்கத்து முஸ்லிம் ஊர்ப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

"என்ன ஐயா, இவ்வளவு பயம்?"

தமிழைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. பல நாளாக விழுங்கி வைத்திருந்த கேள்வி தானாக வெளியே வந்தது.

"டாக்டரம்மா, மறைக்காம சொல்லுங்க. இந்தப் பயொப்சி எனக்கு எவ்வளவு காலமா இருக்கு?"

அவர் என்னைப் பார்த்தார். "என்ன சொன்னீங்க?"

"இல்ல, இந்தப் பயொப்சி இருக்கிற ஆளு இன்னும் எவ்வளவு காலம்..."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். கையுறையோடு பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஐயா, பயொப்சி என்கிறது வருத்தத்தோட பேர் இல்ல. என்ன வருத்தம்னு தேடிப் பாக்கிற வழி. சோறு வெந்திட்டுதான்னு பாக்க ஒரு பருக்கைய எடுத்து நசுக்கிப் பாக்கிறோமே, அப்படித்தான். இந்தக் கட்டிய எடுத்து லெப்புக்கு அனுப்புவோம். அங்க பெரிய கண்ணாடியில வச்சுப் பாப்பாங்க. அவ்வளவுதான்."

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். நம் வீட்டுப் பழமொழியை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்க வேண்டியதாயிற்று.

"அப்ப எனக்கு என்னா வருத்தம்?"

"அது இன்னும் எங்களுக்கே தெரியாதே. அதுக்குத்தானே இது."

"கத்தி பட்டா பரவுமா?"

"பரவாது. யார் சொன்னது?"

மச்சானைக் காட்டிக்கொடுக்க மனமில்லை.

பினைன், மெலிக்னன்ட் என்று இரண்டு சொல் பற்றியும் அவரிடம் கேட்டுக்கொண்டேன். போன முறை அந்த இளம் டாக்டர்கள் வராந்தாவில் பேசிக்கொண்டு போன சொற்கள் அவை. "பினைன்னா பரவாத கட்டி, பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்ல. மெலிக்னன்ட்னா புற்றுநோய்" என்று பட்டென்று உடைத்துச் சொன்னார். எங்கள் சொந்தத்தில் யாரும் வாயால் சொல்லாத சொல்லை அந்தப் பிள்ளை கடுகு வாங்குகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஊசி போட்டார்கள். கழுத்து மரத்துப்போனது. வலியில்லை, இழுக்கிற மாதிரி மட்டும் இருந்தது. விளக்கைப் பார்த்துக்கொண்டே அந்த வெள்ளைக்கார அம்மாளை நினைத்தேன். அவரும் அன்றைக்குப் பதில் தெரியாமல்தான் அழுதிருப்பார். பதில் என்ன வந்ததோ தெரியவில்லை.

பதில் வரும்வரை

பயொப்சி வியாதியின் பேர் இல்லை என்று தெரிந்த பிறகு பயம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை. முன்பு எனக்கு ஒரு பயொப்சிதான் இருந்தது. இப்போது உலகத்தில் உள்ள எல்லா வியாதியும் இருந்தது.

கொட்டிலில் போத்தல்களை எடுத்துவைத்தால் ஒவ்வொரு பேரும் முறைத்துப் பார்த்தது. ஆர்த்ரைடிஸ் என்று சொல்லும்போது, இதைச் சுமக்கிறவன் விடிகாலையில் எப்படி எழும்புவான் என்று நினைப்பு ஓடும். முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு கிழவரிடம், "இதைத் தேய்த்தால் சுகமாக இருக்கும். வியாதிக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்" என்று சொல்லிவிட்டேன். மனேஜர் என்னை முறைத்தார். எனக்கு அது உறைக்கவில்லை.

ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் மழை கறுத்துக்கொண்டு வரும் சாயங்காலங்களில் காய்ச்சல் ஏறும். போர்வைக்குள் படுத்துக்கொண்டு அடுப்படிச் சத்தத்தைக் கேட்பேன். பாக்கியம் தானாகப் புலம்புவாளா, பூனையையாவது திட்டுவாளா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். பூனைக்கும் நெத்தலிதான் கிடைத்தது.

சாவுக்கு எனக்குப் பயம். இதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. அந்த நாட்களில் நான் தைரியசாலியாக இல்லை. குளிக்கும்போது தண்ணீர்ச் சத்தத்துக்குள் அழுதேன்.

பேர் வந்தது

இந்த முறை பாக்கியமும் உள்ளே வந்தாள். வெளியே நில் என்றேன். கேட்கவில்லை. அதே இளம் டாக்டர் பிள்ளைதான். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புற்றுநோய் இல்ல ஐயா."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. "கேன்சர் இல்லையா? நெசமா இல்லையா டாக்டரம்மா?"

பாக்கியம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும் அந்தப் பேச்சு?" என்றேன்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் அவள்.

டாக்டர் பிள்ளை எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தது. பிறகு மெதுவாகச் சொன்னது. "டீபீ. கழுத்து நெறிக்குள்ள வந்திருக்கு. மாத்திரையில குணமாகும்."

டீபீ. சித்தப்பாவின் 'அந்த வருத்தம்' என்ன என்று பெரியவனான பிறகுதான் எனக்கு யாரோ சொன்னார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஆஸ்பத்திரி மறைந்துபோனது. காதுக்குள் டிக், டிக் என்று கேட்டது.

அவர் பொறுமையாக ஒவ்வொன்றாக விளக்கினார். தாளில் எழுதியிருந்த லிம்ப் நோட் என்பது வேறொன்றுமில்லை, காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுமே, அந்த நெறிதான். டீபீ நெஞ்சில் வந்து இருமினால் காற்றில் பரவும். உங்களுக்குக் கழுத்தில், நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது, சளியையும் சோதித்துவிடுவோம். கோப்பை, தட்டு, துணியால் இது பரவாது. ஆறு மாதம் போல மாத்திரை, ஒரு நாள் கூட விடக்கூடாது, சுகமாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தக்கூடாது. மூத்திரம் சிவப்பாகப் போகும், அது மாத்திரையின் சாயம், இரத்தம் இல்லை, பயந்துவிடாதீர்கள்.

கடைசியாகச் சொன்னதற்கு அவருக்குக் கோயில் கட்டலாம். சொல்லாமல் விட்டிருந்தால் முதல் நாளே நான் கக்கூசில் விழுந்து செத்திருப்பேன்.

பிறகு நெஞ்சு நோய்க் கிளினிக்கில் சளி சோதித்தார்கள். 'நெகடிவ்' என்றார்கள். கிருமி இல்லை, யாருக்கும் தொற்றாது, நல்ல செய்தி என்று விளக்கினார்கள். எல்லாம் விளங்கியது. ஆனால் என் பயத்தை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

சுவரில் ஒரு ஆணி

டீபீ என்று கேள்விப்பட்டு அந்த ஞாயிற்றுக்கிழமையும் சிவநேசன் வந்தான். இந்தத் தடவை அப்பிள் இல்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டான்.

"உள்ள வாடா. தேத்தண்ணி குடி" என்றேன்.

"இல்ல மச்சான், இப்பத்தான் குடிச்சேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு." கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டே பேசினான். "ஒடம்ப பாத்துக்கங்க."

சாகப்போகிறேன் என்று நினைத்தபோது கட்டிப்பிடித்தவன், பிழைப்பேன் என்றதும் ரோட்டில் நின்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த டின் கோப்பையின் சத்தம் அவன் காதிலும் இருக்கும். அவனும் அதே லயத்தில் வளர்ந்தவன்தானே.

அவன் போனதும் நான் உள்ளே போய் என் எவர்சில்வர் கோப்பையை எடுத்தேன். இது என்னுடையது என்று அடையாளம் தெரிய அடிப்பாகத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டேன். பின்கட்டுச் சுவரில், பொங்கலுக்கு வெள்ளையடித்த இடத்தில், அதே ஆணியை அடித்துக் கோப்பையை மாட்டினேன். எனக்கு யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. செய்து முடித்ததும் படியில் உட்கார்ந்தேன். என் மூச்சை நானே எண்ணி எண்ணி விட்டேன்.

பாக்கியம் மிளகுப் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தவள் நின்றாள். சுவரைப் பார்த்தாள். உதிர்ந்து கிடந்த சுண்ணாம்பைப் பார்த்தாள். கோப்பையைப் பார்த்தாள்.

"இது என்னா?"

"என் கோப்பை. இனிமே தனியா இருக்கட்டும். எனக்கு இதுல ஊத்திக் குடு. தொடாம, ஒசத்தி ஊத்து."

அவள் பாயைத் தரையில் போட்டாள். கோப்பையைப் பிடுங்கி எடுத்த வேகத்தில் ஆணியும் கூடவே வந்தது. அடுப்படிக்குப் போனாள். வெளியே வரும்போது கோப்பையில் ஆவி பறந்தது. என் முன்னால் நின்று, முதல் மடக்கை அவள் குடித்தாள். முகத்தைச் சுளிக்காமல், நிதானமாக. மிச்சத்தை என் கையில் திணித்தாள்.

"அந்தப் புள்ள அவ்வளவு தூரம் சொல்லியும் மண்டையில ஏறலையா? கோப்பையால பரவாதுன்னு சொன்னதக் கேட்டுக்கிட்டுத்தானே நின்னீங்க? பொங்கலுக்கு நான் இடுப்பொடிய வெள்ளையடிச்ச சுவரு! டாக்டராம் டாக்டரு, போத்தல் விக்கிற டாக்டரு! இந்த மனுசன கட்டிக்கிட்டு மாரடிக்கிறதே எனக்குப் பொழப்பாப் போச்சு..."

நான் கோப்பையைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருந்தது. அவள் குனிந்து ஆணியைப் பொறுக்கினாள். என் மூக்குக்கு நேரே அதை ஆட்டினாள்.

"கட்டையில போற வயசாச்சு, இன்னும் புத்தி வரல!"

சொல்லிவிட்டு அவளே திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"இன்னொரு தடவ சொல்லு" என்றேன்.